வயலினுக்குக் கீழே ஓர் அதிர்வு

குறை சொல்லாமல் நான் இசை விமர்சனம் எழுதுவது அபூர்வம். மேலைத்தேய சங்கீதம் எழுதும் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவரின் புது சிடியை மட்டும் ஞாயிறு பத்திரிகையில் மனம்விட்டுப் புகழ்ந்தேன். முடிவில் வயலின்கள் ஓய்ந்தபின் எழும் அடி அதிர்வுதான் உச்சம் என்றேன்.

மறுநாள் அவரே போனில் கோல் எடுத்தார். "அண்ணே, அதில அதிர்வு ஒண்டும் இல்லையே. வயலின் நிண்டாப் பிறகு மௌனம்தான்."

எனக்கே பாடம் எடுக்கிறாரா என்று எரிச்சல் வந்தது. விஷயத்தைக் கேட்ட மனைவி சிரித்தாள். "அது எங்கட வீட்டுக்குப் பின்னால போற ரெயிலப்பா."

இருபது வருட வெள்ளவத்தை வாசம், ரயில் சத்தத்தை ரயில் என்று காது பிரித்தறிவதே இல்லை. மறுபடி கேட்டேன். இந்தமுறை ரயில் வரவில்லை. வயலின்கள் ஓய்ந்தன, நான் அசையவில்லை.

அடுத்த ஞாயிறு திருத்தம் எழுதினேன்: ஒரு ரயில் முழுதாகக் கடந்து போகும்வரை கேட்பவரைப் பிடித்து வைக்கும் மௌனம் அது.