பைன் காட்டில் ஒரு கண்டக்டர்

பைன் மரத்தை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, கொடைக்கானல் சுற்றுலாவில். மானைப் பார்த்தது கிண்டியில், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று. இந்தத் தகுதிகளோடு, ஐயப்பன்தாங்கல் வீட்டின் சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அடர்ந்த பைன் காட்டில் மான் வேட்டையாடுவது எப்படி என்று அமெரிக்கர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஆங்கிலம் நடத்திய பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மற்ற பள்ளிகளில் என் வயதைக் கேட்டதும் டீ கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் ஒரு வேட்டை இணையதளம் சோதனைக்கு மூன்று கட்டுரை கேட்டது. இரண்டு திரும்பி வந்துவிட்டன. படித்து எழுதியது தெரிகிறது, காட்டில் நின்றவர் எழுதியதாக இல்லை என்றார் அந்தத் தளத்தின் பதிப்பாசிரியர். கெட்டிக்காரர். மூன்றாவதும் திரும்பினால் வேலை கிடையாது. எனக்கோ அந்த வேலை வேண்டும். வீட்டில் சும்மா இருந்து பழக்கமில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

என் கணவர் பஸ் கண்டக்டர். ஷிஃப்ட் முடிந்து வந்தவரிடம் புலம்பினேன்.

"நெரிசல்ல ஒளிஞ்சிகினு கீறத கண்டுபுடிக்கணும், அவ்ளோதானே? தெனம் நான் இன்னா பண்ணிகினு கீறேன்?" என்றார். "டிக்கெட் எடுக்காதவன முழுசா தேடாத, தெரிய மாட்டான். கம்பிக்குப் பின்னால காது தெரியும், முழங்கை தெரியும். நேரா அவனாண்ட போவாத. ரெண்டு அடி போ, நில்லு, வேற எங்கியோ பாரு. அவசரப்பட்டா பின்னால எறங்கிடுவான்."

அப்படியே எழுதினேன். டிக்கெட் எடுக்காதவன் வந்த இடத்தில் மான், பஸ் கம்பி வந்த இடத்தில் மரம்.

"இன்னொன்னும் போடு," என்றார். "ஒருத்தன் ஃபைல நெஞ்சோட அணைச்சிகினு நிப்பான். வேல கேட்டுப் போறவன், டிக்கெட்டுக்கு துட்டு இருக்காது. கை நடுங்கும். அவனப் பாத்தா, பாக்காத மாதிரி தாண்டிப் போயிடணும்."

அதைக் கடைசிக் குறிப்பாகச் சேர்த்தேன்: நடுங்கி நிற்பதைக் கண்டால் துப்பாக்கியைத் தாழ்த்துங்கள். கட்டுரையிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்.

இரண்டு நாளில் பதில் வந்தது. இதை எழுத முப்பது வருடமாவது காட்டில் நின்றிருக்க வேண்டுமாம். வேலை எனக்கே. கடைசிக் குறிப்பை மட்டும் எடுத்துவிட்டாராம், அவர்களுடைய வாசகர்களுக்கு அது பயன்படாதாம்.

வேலை கிடைத்த அன்றே யார் வாதாடுவார்கள்? நன்றி என்று பதில் போட்டுவிட்டுக் கேசரி கிளறினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவர் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அந்த ஃபைலு வெச்சிகினு நின்னவன் மேட்டரு போட்டியா?"

"போட்டேன்."

"வெள்ளக்காரன் இன்னா சொன்னான்?"

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றேன்.

கரண்டி பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். பிறகு, பார்க்காத மாதிரி தட்டை நீட்டினார்.