எல்லையோரத்து ஊர்க்காரர்

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் நான் டைம் ஆபீஸில் இருந்தபோது, வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்தார் அவர். நாற்பது வயதிருக்கும். புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். குவார்ட்டர்ஸ் அறையில் எதையும் தரையில் வைக்க மாட்டார். செருப்புகூட ஜன்னல்மேல்தான் இருக்கும்.

"செருப்பு எதுக்குய்யா அங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெள்ளம் வந்தா போயிரும்லா அண்ணாச்சி." எங்கள் பேச்சை மில்லில்தான் கற்றிருந்தார்.

"இங்க குடிக்கவே தண்ணி இல்ல" என்றேன். சிரித்தார்; செருப்பை எடுக்கவில்லை.

அவர் ஊர் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறதாம். அக்கரை வேறு தேசம்.

"தாத்தா காலத்துல பெரிய சந்தை. அக்கரைக்காரவுக படகுல வந்து வெத்தலை வாங்குவாக. பொறவு நடுவுல எல்லை வந்துட்டு, சந்தை போச்சு. மிச்ச ஊரை ஆறு தின்னுக்கிட்டிருக்கு. நான் படிச்ச பள்ளிக்கூடம் இப்ப தண்ணிக்குள்ள கெடக்கு."

குறை சொல்லும் குரலாக இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்த குரல்.

அம்மா மட்டும் அங்கே இருந்தார். அவரைக் கூட்டிவர, மழைக்கு முன்னால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் தனியாக வந்து நின்றார்.

"அம்மா எங்கய்யா?"

"வரலைன்னுட்டாக. ஆறு இன்னும் ரெண்டு வீடு தள்ளித்தான இருக்கு, அதுக்குள்ள என்ன அவசரம்னு கேக்காக."

லீவு இன்னும் மூன்று நாள் இருப்பதைச் சொன்னேன்.

"ரூம்ல சும்மா இருந்து என்ன செய்ய?" என்றவர், ரயிலில் வந்த களைப்போடு அப்படியே மெஷினுக்குப் போனார். அவரிடம் வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.