நான்காம் ஆட்டத்து முழங்கால்

மிதிவெடி எடுக்கிற வேலையில் முதல் நாளே சொல்லித் தருகிற விதி, ஓடக் கூடாது என்பது. பாம்பு வந்தாலும் ஓடக் கூடாது. மழை கொட்டினாலும் ஓடக் கூடாது. பக்கத்தில் ஒருத்தி விழுந்தாலும் ஓடக் கூடாது. சோதித்து முடித்த ஒரு மீற்றர் அகலப் பாதைக்குள், சிவப்புத் தலை வைத்த குச்சிகளுக்கு நடுவே, வந்த வழியே நடந்துதான் திரும்ப வேண்டும். அப்படிப்பட்ட எங்களுக்குத்தான் எங்கள் வெள்ளைக்காரச் சேர் ஓட்டக்காரர்களைக் கொண்டுவந்து தந்தார்.

எங்கள் பொறுப்பாளரான அந்தச் சேர் அமெரிக்கர். படையில் இருந்து விலகி, நாடு நாடாக வெடி எடுக்கப் போனவர். மன்னாரில் முசலிப் பக்கத்தில் காட்டோரமாக எங்கள் முகாம். போர் முடிந்து, சனம் தங்கள் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கியிருந்த காலம். நாங்கள் ஒரு துண்டைத் துப்புரவாக்கிக் கொடுத்தால்தான் அந்தத் துண்டுக்குரியவர்கள் வந்து தகரக் கொட்டில் போடலாம். வேலை விடியத் தொடங்கி மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் தலைக்கவசத்துக்குள் மூளை அவிந்துபோகும். பின்னேரம் முழுக்கச் சும்மாதான். உடுப்புத் தோய்ப்போம், பேன் பார்ப்போம், சண்டை பிடிப்போம். சண்டை என்றால் பெரும்பாலும் நான்தான்.

சேரின் மடிக்கணினியில் ஒரு விளையாட்டு இருந்தது. அமெரிக்கக் காற்பந்து என்றார். காலால் உதைப்பதோ அத்திபூத்தாற்போல. தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஆளை ஆள் இடித்துத் தள்ளுகிறார்கள். "இதென்ன சேர், கல்யாண வீட்டுப் பந்தியோ?" என்று கேட்டேன். முகாமில் ஓரளவு இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தபோது படித்தது. அதனால் சேருக்கு வாயும் நான், மற்றவர்களுக்குக் காதும் நான்.

அந்த விளையாட்டை நாங்கள் ஆடத் தேவையில்லை. கணினி தானே ஆடிக்கொள்ளும். அணிகளை உண்டாக்கி, ஆட்களுக்கு உயரம், எடை, வேகம் எல்லாம் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு சனிக்கிழமைப் பின்னேரமும் ஒரு சுற்று ஆட்டம் நடக்கும். ஆளுக்கொரு ஓட்டக்காரனைச் சேர் எங்களுக்குத் தந்தார். ஓட்டக்காரனுக்கு அந்த விளையாட்டில் ரன்னிங் பேக் என்று பெயர். முன்னால் எதிராளிகள் மதில் மாதிரி நிற்பார்கள். பந்தை வாங்கிக்கொண்டு, அந்த மதிலில் எங்கே சந்து விடும் என்று பார்த்து நுழைந்து ஓட வேண்டும். எவ்வளவு தூரம் ஓடினான் என்பதைத் துணி அளக்கிற மாதிரி கெஜத்தில்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

வெள்ளைக்காரப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே சேர் எங்கள் பெயர்களையே அந்த ஓட்டக்காரர்களுக்கு வைத்துவிட்டார். அவருக்கும் எங்கள் பெயர்கள் மனப்பாடமாகும் என்று ஒரு கணக்கு. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் பெயரில் ஒரு தடிமாடு ஆம்பிளை, கழுத்தே இல்லாதவன், திரையில் நின்றான். புண்ணியம் செய்தவனாக இருக்க வேண்டும், என் பெயர் கிடைத்திருக்கிறதே என்றேன்.

என் ஆள் சுத்த மோசம். முதல் ஆட்டத்தில் பந்தை வாங்கினான், விழுந்தான். எழும்பினான், விழுந்தான். இரண்டாம் ஆட்டத்தில் பந்தை எதிராளியின் கையில் கொண்டுபோய்க் கொடுக்காத குறையாகத் தவறவிட்டான். "உன்னை மாதிரியே, வாய்தான் பெரிசு போல" என்று எல்லாரும் என்னைக் கிண்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லாத ஒருவனுக்காக நான் ஏன் கோபப்பட வேண்டும் என்று யோசிக்கிற அளவுக்கு அன்று எனக்குப் புத்தி இல்லை.

எனக்குப் பக்கத்துப் பாதையில் வேலை செய்த அக்காவின் ஓட்டக்காரன்தான் எல்லாருக்கும் ராசா. இந்த அக்கா வன்னிப் பெருநிலத்து வயற்காரக் குடும்பம். கடைசிச் சண்டையில் புருசன் போய்விட்டார். இரண்டு பெண்பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். வீட்டுத்திட்டத்தில் அவருக்குக் கிடைத்த வீடு யன்னல் மட்டத்தில் நின்றது. மிச்சத்தை இந்தச் சம்பளம்தான் எழுப்ப வேண்டும். அதிகம் பேசமாட்டார். சாப்பாட்டு வரிசையிலும் கடைசியாகத்தான் நிற்பார். அவருடைய ஓட்டக்காரனோ முதல் ஆட்டத்திலேயே எல்லாரையும் விட அதிக தூரம் ஓடினான். இரண்டாம் ஆட்டத்தில் அதையும் தாண்டினான். மூன்றாவதில் மதிலுக்குள் நுழைந்தவன் மறுபக்கத்தால் தனியாக வெளியே வந்து, ஒருவரும் தொடாமல் கடைசிக் கோட்டைத் தாண்டினான். அக்கா கைதட்டிச் சிரித்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் தொலைபேசியில், "அம்மா, இந்தக் கிழமை எவ்வளவு தூரம் ஓடினீங்கள்?" என்று கேட்பார்களாம். அம்மா வெடிக்காட்டுக்குள் ஊர்ந்து வேலை செய்கிறாள் என்பதைவிட, எங்கேயோ ஓடி வெல்கிறாள் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு நித்திரை தந்திருக்கும். அக்காவும் திருத்தவில்லை.

நான்காம் ஆட்டம். அக்காவின் ஆள் வழமைபோலச் சந்து பார்த்து நுழைந்தான். இரண்டு பேர் இரண்டு பக்கத்தால் மேலே விழுந்தார்கள். மற்றவர்கள் எழும்பினார்கள், அவன் எழும்பவில்லை. திரையில் அக்காவின் பெயர் வந்தது, அதற்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசித்துச் சொன்னேன்: வலது முழங்கால் போய்விட்டது, இனி இந்தப் பருவம் முழுக்க இவர் இல்லை.

வாசித்த வாயை அப்போதே தைத்திருக்கலாம். பக்கத்துத் தளத்தில் வெடி எடுத்த ஒருவருக்குக் கால் போய் ஒரு மாதமும் ஆகியிருக்கவில்லை. அவரை அம்புலன்ஸில் ஏற்றியதை எங்களில் பாதிப் பேர் பார்த்தவர்கள். அவருக்கும் வலது கால்தான். எல்லாரும் அக்காவின் காலைப் பார்த்தார்கள். சேர் மட்டும், "பாவம், நல்ல ஓட்டக்காரன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தைப் போட்டார். அக்கா எழுந்து வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அக்கா மார்புக்கவசம் போட்டு, தலைக்கவசம் போட்டு, பாதையின் வாய்வரை வந்து நின்றார். அவ்வளவுதான். கால் உள்ளே வரவில்லை.

"அக்கா, அது விளையாட்டு. பெட்டிக்குள்ள நடக்கிறது" என்றேன்.

"தெரியுமடி. எனக்கென்ன விசரே? தெரிஞ்சும் கால் வருகுதில்லை. நான் என்ன செய்ய?"

பயந்தவரை உள்ளே விடுவதில்லை என்பது அங்கே சட்டம், சரியான சட்டமும்கூட. நடுங்குகிற கையால் மண் கிளறினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் மறுத்தால் ஓய்வு. அடுத்த நாளும் மறுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கா அன்று முழுக்கத் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். யன்னல் மட்டத்தில் நின்ற அந்த வீடு எனக்குக் கண்ணுக்குள் நின்றது. நான் நேரே சேரின் கூடாரத்துக்குப் போனேன்.

"அந்த ஆட்டத்தை அழித்துவிட்டுத் திரும்ப ஆடுங்கள்."

முடியாது என்றார். நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று எழுதுகிறவன் இந்த வேலையில் இருக்கக் கூடாது, விளையாட்டிலும் நான் அதைச் செய்யமாட்டேன் என்றார். வெடி கிடந்த இடத்தில் வெடி இல்லை என்று ஒரு தரம் எழுதினால் என்ன ஆகும் என்று என்னையே கேட்டார். அந்த மனுசன் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் இன்னும் ஆத்திரம்.

"சரி, முழங்கால் போனது போனதாகவே இருக்கட்டும். பெயரை மாற்றுங்கள்."

அவர் யோசித்தார். பெயரை மாற்றுவது பொய் இல்லை என்று ஒத்துக்கொண்டார். "யாருடைய பெயரைப் போட?"

அதை நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. முகாமில் இருந்த ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரு பிள்ளையோ, தாயோ, காத்திருக்கிற யாரோ ஒருவர் இருந்தார். எனக்கு மன்னார் டவுனில் ஒரு வாடகை அறையும் வாசலில் படுக்கிற கழுதைகளும்தான். அம்மா அகதி முகாமிலேயே போய்விட்டார்.

"என்னுடையதைப் போடுங்கள்" என்றேன்.

அவர் தட்டினார். திரையில் அந்தச் சிவப்பு வரிக்குப் பக்கத்தில் என் பெயர் வந்தது. கடவுளே, ஏன் இதைச் செய்தேன் என்று நினைத்தேன். வெளியே வரும்போது வலது காலை ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தேத்தண்ணி நேரத்தில் அக்காவிடம் சொன்னேன். சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோப்பையை நிலத்தில் வைத்தார். அக்காவுக்குக் கோபம் வரும் என்றே நான் அதுவரை அறிந்ததில்லை.

"ஆரைக் கேட்டுச் செய்தனி?"

"எனக்கு ஆர் அக்கா இருக்கினம்? நாளைக்கு ஒண்டு நடந்தாலும்…"

"வாயைப் பொத்து! உனக்கு ஆரும் இல்லையெண்டு ஆரடி சொன்னது? அப்ப நான் என்ன, மண்ணோ?" என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "எழும்பு. வந்து அந்தாளிட்டச் சொல்லு, என்ர காலை எனக்கே திருப்பித் தரச் சொல்லு."

சேரின் மேசைக்கு முன்னால் நின்று நாங்கள் இருவரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எனக்குத்தான் என்று அக்கா, எனக்குத்தான் என்று நான். இல்லாத ஒருவனுடைய உடைந்த முழங்காலுக்கு இரண்டு பெண்கள் உரிமை கேட்டு அழுதுகொண்டு நின்றோம். சேர் என்னிடம் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பெயரை அழித்துவிட்டுத் தன்னுடைய பெயரைத் தட்டினார். கணினியை மூடினார். போய்ச் சாப்பிடுங்கள் என்றார்.

மறுநாள் விடியற்காலை எல்லாரும் பாதைகளின் வாயில் நின்றோம். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் சேர் முதற்பாதையில் கொஞ்சத் தூரம் நடந்து திரும்புவார். அது அவருடைய வேலை இல்லை, வழக்கம். தன் கால் போகாத இடத்துக்கு எங்களை அனுப்புவதில்லை என்பது போல. அன்றும் சிரித்துக்கொண்டுதான் வந்தார். முதற்பாதை அக்காவுடையது.

அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"அந்தாளை இண்டைக்கு உள்ளுக்கு வரவேண்டாம் எண்டு சொல்லு. அவருக்கும் வீட்டில பிள்ளையள் இருக்கு. நான் போறன். நான் வடிவாச் செய்வன் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். சேர் என்னையும் பார்த்தார், பாதையையும் பார்த்தார். தனக்கு இன்று எழுத்து வேலை நிறைய இருக்கிறது என்றார். அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை. அக்கா முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு உள்ளே போனார்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. அக்காவின் பாதையில் இருந்து விசில் வந்தது. விசில் என்றால் ஏதோ கண்டுவிட்டார் என்று அர்த்தம், எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். நூறு தடவை கேட்ட விசில்தான். ஆனால் அன்று மண் கிளறுகிற கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். ஓடிப் போக வேண்டும் போல இருந்தது. இரண்டு பாதைக்கும் நடுவே சோதிக்காத நிலம். நான் முழங்காலில் இருந்தபடியே, அம்மா, அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் குச்சிகளுக்கு நடுவே அக்காவின் தலைக்கவசம் தெரிந்தது. அவசரமில்லாமல், அடி மேல் அடி வைத்து நடந்து வந்தார். இரண்டு காலாலும். மண்ணுக்குள் கிடந்த வெடியை அப்படியே திறந்து காட்டிவிட்டு வந்திருந்தார், ஒரு கீறல் இல்லை. எல்லைக் கயிற்றுக்கு அப்பால் நின்ற சேர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் ஆட்டம் நடந்தது. ஓட்டக்காரர்களுக்குப் பெயருக்குப் பதில் எண்கள். சுவாரசியம் போய்விட்டது, ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள்.

அக்காவின் வீடு கூரை கண்டு, பெரிய பிள்ளை கலியாணமும் கட்டிவிட்டாள். போன மாதம் தொலைபேசியில் பேசியபோது வயலில் அறுவெட்டு நடக்கிறது என்றார். இயந்திரச் சத்தம் பின்னால் கேட்டது. இதை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். அக்கா வரம்பால் தள்ளி நடந்தார் போல, இயந்திரச் சத்தம் குறைந்தது.

"எழுது. ஆனா பேர் போடாத."

"ஓம் அக்கா. உங்கட பேரை ஒரு இடத்திலயும் போடமாட்டன்."

"என்ரயைச் சொல்லேல்லையடி," என்றார். "உன்ரயை இனியும் அந்த முழங்காலுக்குப் பக்கத்தில போடாத."