நானா காது வைத்த கை

ஹமீது நானாவை அடக்கம் செய்த மறுநாள் காலை, படுக்கையில் உட்கார்ந்தபடி இடது கையை மடக்கிக் காதில் வைத்தேன். சத்தம் இல்லை. விரல்களால் தொட்டுப் பார்த்தேன். அதிர்வும் இல்லை. அது வெறும் கையாக இருந்தது.

டயாலிசிஸ் (கெட்டுப்போன சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்வது) புதிதாகத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்குக் கையில் ஃபிஸ்துலா வைப்பார்கள் (தமனியையும் சிரையையும் இணைத்து, தடித்த ஊசி ஏறும்படி அமைக்கும் வழி). அங்கே ரத்தம் வேகமாக ஓடுவதால் எந்நேரமும் ஓர் உறுமல் கேட்கும். அது நின்றால் இயந்திரத்துக்குப் போகும் வழி அடைந்துவிட்டது என்று பொருள்.

நான் சுரக்குடி கிராமத்துக்காரன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். கால்கள் வீங்கியபோது நின்று வேலை செய்வதால் என்று நினைத்தேன். படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கிய பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன.

முதல் மாதம் மருத்துவமனையில் நான் யாரிடமும் பேசவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக் கையை மறைத்துக்கொண்டு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஹமீது நானா. சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். அடுத்தடுத்த படுக்கைதான் எங்களுக்கு.

“கையக் குடு தம்பி. முப்பது வருசம் எஞ்சினுக்குக் காது வெச்சவன் நான்” என்றார்.

என் முழங்கை மடிப்பில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். “நல்லா ஓடுது. கரை சேந்துடலாம்.”

அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் அவர் கேட்பார்: “என்ன சேகரு, எஞ்சின் ஓடுதா?” மற்றவர்கள் அவரை பாய் என்றார்கள். என்னை மட்டும் நானா என்று கூப்பிடச் சொன்னார். அவர்கள் வீட்டில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். எனக்கு அண்ணன் கிடையாது.

இரண்டு வருடம் கழித்து ஆரோக்கியசாமி வந்தார். கோட்டுச்சேரிக்காரர், அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நானாவின் மறுபக்கப் படுக்கை அவருக்குக் கிடைத்தது. வரும்போதெல்லாம் பேப்பர் கொண்டுவந்து நானாவுக்கு வாசித்துக் காட்டுவார். இருவரும் துறைமுகங்களைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் பேசிச் சிரிப்பார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஒருநாள் அவரும் “நானா” என்று கூப்பிட்டார். நானா திரும்பி “சொல்லுங்க சார்” என்றார். அன்று எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலைத் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்த நானா அப்படியே சரிந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது. இதை எனக்குச் சொன்னவர் ஆரோக்கியசாமி. நானாவின் வீட்டிலிருந்து அவருக்குத்தான் போன் வந்திருந்தது. அழுகை வருவதற்கு முன் எனக்கு அதுதான் வந்தது: ஏன் அவருக்கு?

மாலைத் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். அங்கே சந்தூக்கை (உடலைச் சுமக்கும் பெட்டி) ஒருவரே கடைசிவரை தூக்குவதில்லை. பத்தடி தூக்கியதும் அடுத்தவருக்குத் தோள் மாற்றிவிட வேண்டும். வந்த எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. முன்பக்கம் வலத்தோளில் ஆரோக்கியசாமி ஏற்றியிருந்தார். அவருக்கு ஃபிஸ்துலா இடது கையில். நான் மறுபக்கம் போய் இடத்தோளில் வாங்கினேன்.

மூட்டைக்காரன் பழக்கம், சுமை தோளில் ஏறியதும் கை தானாக மடங்கி அதை அணைத்துக்கொள்ளும். சந்தூக்கின் பிடிகட்டை என் முழங்கை மடிப்பில் அழுந்தியது. கூடாதென்று தெரிந்தும் விடவில்லை.

தெருமுனையில் ஆரோக்கியசாமி மூச்சிரைத்து விலகினார். நானாவின் தங்கை மகன் என் பின்னால் வந்து, “அண்ணே, குடுங்க, நாங்க புடிக்கிறோம்” என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். இன்னொருவரும் கேட்டார். ஆரோக்கியசாமி விலகிய இடத்தைத் தாண்டிப் போகும்போது எனக்குள் ஒரு நிம்மதி. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இருந்தது. அடக்கத்தலத்தின் வாசல்வரை நானாவை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் மருத்துவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அடைச்சிருச்சு. மூட்டை தூக்குனீங்களா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். நானாவை மூட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவிதான் நடந்ததைச் சொன்னாள்.

அடைப்பை எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கழுத்தில் குழாய் (ஃபிஸ்துலா தயாராகும்வரை ரத்தம் எடுக்கும் தற்காலிக வழி) போட்டார்கள். இரண்டு முறை காய்ச்சல் வந்து பிழைத்தேன். பிறகு தஞ்சாவூரில் வலது கையில் புது ஃபிஸ்துலா வைத்தார்கள். உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்தக் கையில் சுமை வாங்காதீர்கள். யாருடைய சுமையாக இருந்தாலும்.

புதுக் கையைக் கட்டுப் போட்டு நீட்டி வைத்திருந்ததால் என்னால் காதுக்குக் கொண்டுபோக முடியவில்லை. பார்க்க வந்த ஆரோக்கியசாமி கேட்காமலே குனிந்து, கட்டுக்கு மேலே காதை வைத்தார்.

“ஓடுது சேகர்” என்றார். “நானாதான் இப்படிக் கேக்கச் சொல்லிக்குடுத்தாரு.”

சுருக்கென்றது. யாருடைய கையில் காது வைத்துக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

இப்போது நானாவின் படுக்கையில் வேறொருவர் படுக்கிறார். எனக்கு வாரத்தில் மூன்று நாட்கள்தான் நாட்கள். மற்றவை இடைவெளி. காலையில் எழுந்ததும் வலது கையைக் காதில் வைத்துக் கேட்கிறேன். உறுமுகிறது. ஆனால் அதற்கு முன்னால் இடது கையை வைத்துக் கேட்கிறேன். ஒன்றும் கேட்காது என்று தெரியும். வலது கையில் ஆரோக்கியசாமி காது வைத்துவிட்டார். இடது கையில் காது வைத்தவர் நானா மட்டும்தான்.