விஜயதசமியன்று நகராத மவுஸ்

எங்கள் வீட்டில் பூசை வேலை என்னுடையது. மனைவிக்குப் பக்தி உண்டு, பொறுமை இல்லை. சந்தனத்தைக் குழைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் தொட்டு அழகு பார்க்கிற வேலையெல்லாம் அவளுக்குச் சரிவராது. எனக்கு அது பிடிக்கும். கனடாவின் ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் சாமி அறை என்று தனியாக எதுவும் கிடையாது. குளிர்கால ஜக்கெட்டுகள் தொங்குகிற அலுமாரியில் பாதி சாமிக்கு, பாதி ஜக்கெட்டுக்கு. அங்கே புகை மணி அலறாமல் கற்பூரம் கொளுத்துவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். அது எனக்கு இருக்கிறது என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சரஸ்வதி பூசையன்று வீட்டிலுள்ள புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் சாமிக்கு முன்னால் வைப்போம். மறுநாள் விஜயதசமி பூசை முடியும்வரை அவற்றைத் தொடுவதில்லை. படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. நான் சொல்ல வந்த வருடம், மகள் விட்டுவிட்டுப் போன பாடப் புத்தகங்கள், என்னுடைய ஸ்குரூ டிரைவர் பெட்டி, மனைவியின் அளவு நாடா, இவற்றோடு மனைவியின் கணினி மவுஸும் முதல் தடவையாக அலுமாரிக்குப் போனது.

அந்த மவுஸைப் பற்றிச் சொல்லவேண்டும். சாதாரண மவுஸைப்போல அதை மேசையில் இழுத்துத் திரியத் தேவையில்லை. அது இருந்த இடத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு சிவப்புப் பந்து பதிந்திருக்கும். பெருவிரலால் பந்தை உருட்டினால் திரையில் அம்பு நகரும். மணிக்கட்டுக்கு வேலையே இல்லை.

மனைவிக்கு மணிக்கட்டுத்தான் பிரச்சினை. மகள் சின்னப் பிள்ளையாகக் காப்பகத்துக்குப் போன காலத்திலிருந்து மனைவி பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். குசினியில், அதாவது சமையலறையில், பூட்டுகிற அலுமாரிக் கதவுகளை மெசினால் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. மெசின் அதிரும், அதைப் பிடித்திருக்கிற கையும் அதிரும். கடைசியில் வலது கையால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கவே கஷ்டப்பட்டாள். இந்தக் கை இனி மெசின் பிடிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரும் என்று நான் சொன்னேன். அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அவளுக்கு வேறு யோசனை இருந்தது. தொழிற்சாலையின் மேல்மாடியில் குசினிகளைக் கணினியில் வரைகிறவர்கள் இருந்தார்கள். அதில் ஒருவர் விலகப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், வார இறுதிகளில் ஒரு வகுப்புக்குப் போய் வரையப் படித்தாள். பிறகு நேரே மேலாளரிடம் போய், எனக்கு அந்த வேலையைத் தாருங்கள் என்று கேட்டாள். கேட்டாளே தவிர, வீட்டுக்கு வந்து, கிடைக்குமோ என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டாள். மேலாளர் ஒரு வீட்டின் குசினி அளவுகளைக் கொடுத்து, வரைந்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். கெடு விஜயதசமியன்று மத்தியானம். அது சரிவந்தால் மேல்மாடி, வராவிட்டால் வீடு.

வரைதல் அநேகமாக முடிந்துவிட்டது. மேல் தட்டு அலுமாரிகள் மட்டும் மிச்சம். அதை அவள் வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தாள்.

"விஜயதசமியண்டு காலமை பூசையில இருந்து எடுத்து, அதாலைதான் முடிச்சு அனுப்பப் போறன்" என்றாள். "அதுக்கு வடிவாய்ப் பொட்டு வையுங்கோ. அதுதான் என்ர கை."

நான் வடிவாகவே வைத்தேன். அளவு நாடாவுக்கு ஒரு சின்னப் பொட்டு, பெட்டிக்கு ஒரு சின்னப் பொட்டு. மவுஸுக்கு மட்டும், அந்தச் சிவப்புப் பந்தின் நட்டநடுவில், தாராளமாகச் சந்தனம் வழித்து, பெரிய பொட்டாக வைத்தேன். அவளுடைய வேலை நிலைக்கவேண்டும் என்று மனதுக்குள் உருகித்தான் வைத்தேன். பந்து நெற்றிபோல மினுங்கியது. எனக்கே திருப்தியாக இருந்தது.

அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

நான் மிசிசாகாவில் விமானநிலையத்துப் பொதிக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறேன். கணினி படித்தவன் அல்ல. ஆனால் ஓடாமல் கிடந்த பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் என்ற இலவச இயக்குதளத்தை ஏற்றி அதை ஓடவைத்தவன் என்ற மிதப்பு எனக்குண்டு. வீட்டில் அவள் வரைவது அதில்தான். பூசை முடிந்த பின்னேரம் செய்வதற்கு ஒன்றுமில்லை. திரையில் பல நாளாக ஒரு அறிவித்தல் நின்றது: புதிய கேர்னல் தயாராக இருக்கிறது. கேர்னல் என்பது கணினியின் அடிமட்டத்தில் இருந்துகொண்டு மவுஸ், கீபோர்ட், திரை எல்லாவற்றோடும் பேசுகிற பகுதி. நாளைக்கு அவள் முக்கியமான வேலை செய்யப்போகிறாள், புதுசாக்கிக் கொடுப்போமே என்று நினைத்தேன். பூசையில் வைத்தது மவுஸைத்தான், கீபோர்ட்டை அல்ல, ஆகவே இது குற்றமாகாது என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். கீபோர்ட்டாலேயே எல்லாவற்றையும் தட்டி முடித்து, கணினியை அணைத்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

காலையில் பூசை முடிந்தது. அவள் குளித்து, நல்ல சேலை கட்டி, மவுஸை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். கணினி எழும்பியது. அவள் பந்தை உருட்டினாள். அம்பு நகரவில்லை. இன்னொரு தடவை உருட்டினாள். அம்பு திரையின் நடுவில் அப்படியே நின்றது.

"இஞ்சருங்கோ, இது அசையுதில்லை."

நான் வந்து பார்த்தேன். பொத்தான்கள் வேலை செய்தன. பந்துதான் அம்பை நகர்த்தவில்லை. கேர்னல்தான் என்று உடனே முடிவு கட்டிவிட்டேன். முடிவு கட்டியதோடு நில்லாமல் அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

"நேற்றுக் கேர்னல் மாத்தினனான். அதாலைதான் போல கிடக்கு."

"நேற்றோ? பூசையில சாமான் கிடக்கேக்கையோ?"

"மவுஸ்தானே பூசையில கிடந்தது. நான் கொம்பியூட்டரைத்தான்..."

"ஏடு படிக்கக் கூடாத நாளில உங்களுக்குக் கொம்பியூட்டர் நோண்டவேணுமெண்டு ஆர் சொன்னது?"

கணினியைத் திரும்பத் தொடக்கி, தொடக்கத்தில் வருகிற பட்டியலில் பழைய கேர்னலைத் தெரிவுசெய்தேன். பழையது சேதமில்லாமல் அங்கேயே இருந்தது. அதிலும் பந்து அம்பை நகர்த்தவில்லை. கொஞ்சம் மூளை இருக்கிறவன் அந்த இடத்திலேயே, அப்படியென்றால் கேர்னலில் பிழை இல்லை என்று விளங்கியிருப்பான். நான் அப்படி விளங்கவில்லை. புதியது வந்து பழையதையும் கெடுத்துவிட்டது என்று விளங்கினேன். ஒரு ஆளைச் சந்தேகப்பட்டு விட்டால் எனக்கு அவர் சிரித்தாலும் குற்றம், அழுதாலும் குற்றம்.

மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் வேறு ஊரில் பல்கலைக்கழக விடுதியில் இருந்தாள்.

"அப்பா, ஜஸ்ட் வேற மவுஸ் ஒண்டு யூஸ் பண்ணுங்கோ. வை ஆர் யூ மேக்கிங் இட் எ பிக் திங்?"

"அம்மாவின்ர கைக்கு மற்றது சரிவராது பிள்ளை. உந்தப் பந்து மவுஸ் ஓர்டர் பண்ணித்தான் எடுத்தது. மத்தியானத்துக்கிடையில எங்கை வாங்குறது?"

"ஓகே, தென் டோன்ட் டச் எனிதிங் எல்ஸ், ப்ளீஸ்" என்றாள். என்னை நன்றாக அறிந்த பிள்ளை.

ஆனாலும் பழைய சாதாரண மவுஸ் ஒன்றைத் தேடி எடுத்துச் செருகினேன். அது உடனே வேலை செய்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. பார்த்தீரா, கேர்னலுக்குச் சாதாரண மவுஸைத் தெரிகிறது, உம்முடைய பந்து மவுஸைத்தான் தெரியவில்லை என்றேன். அவள் பழைய மவுஸைப் பிடித்து வரையத் தொடங்கினாள். நான் ஒரு மடிகணினியோடு குசினி மேசையில் இருந்து தேடினேன். யாரோ ஒருவர், இதே பந்து மவுஸ், இதே கேர்னல், பந்து உருள்கிறது ஆனால் அம்பு நகரவில்லை என்று இணையத்தில் எழுதியிருந்தார். எனக்குச் சொந்தக்காரனைக் கண்ட சந்தோஷம். அதற்குக் கீழே ஆட்கள் சொல்லியிருந்த கட்டளைகளைத் தாளில் எழுதிக்கொண்டு எழும்பினேன்.

வந்து பார்த்தால் அவள் வரையவில்லை. ஒரேயொரு அலுமாரி முடிந்திருந்தது. மவுஸை விட்டுவிட்டு, வலது மணிக்கட்டை இடது கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"விடுங்கோ" என்றாள். "நான் வீட்டிலை இருக்கிறன். நீங்கள் சொன்னமாதிரி."

எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு அதைச் சொன்ன என் வாயை நானே அடித்திருப்பேன். கையில் இருந்த தாளில் ஆறேழு கட்டளைகள். அவற்றில் எது என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது.

"கொஞ்சம் பொறும்" என்றேன். "பாம் பூசிவிடுறன், இரும்."

தலையிடிக்குப் பூசுகிற தைலப் போத்தலை எடுத்து வந்தேன். அவள் கையை என் கைக்குள் வைத்துத் தைலம் தேய்க்கப் போனேன். திறப்பதற்கு முன்பே வாசம் வந்தது. தைல வாசம் இல்லை. அவளும் மோந்து பார்த்தாள். கையைத் திருப்பிப் பெருவிரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"என்ர பெருவிரல் சந்தனம் மணக்குது."

"பூசையில வைச்சதெல்லே, மணக்கும்தானே."

அவள் அலுமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அளவு நாடாவில் பொட்டு இருந்தது. என் ஸ்குரூ டிரைவர் பெட்டியில் பொட்டு இருந்தது. மேசையில் கிடந்த பந்து மவுஸைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்புப் பந்து துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக மினுங்கியது.

"இதுக்கு வைச்ச பொட்டு எங்கை? நீங்கள் துடைச்சனீங்களோ?"

"நான் ஏன் துடைக்கிறன்?"

"நானும் துடைக்கேல்லை. அப்ப எங்கை போனது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பந்து உருளும். உருண்ட பந்தோடு பொட்டும் உருளும். உள்ளே போன பொட்டு வெளியே வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மவுஸைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு சின்னத் துவாரம் இருந்தது. அதற்குள் பென்சிலை விட்டுத் தள்ளினேன். பந்து டக்கென்று கழன்று அவள் மடியில் விழுந்தது. பந்து இருந்த குழிக்குள் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பிக்கிடந்தன. குழியின் ஓரத்தில், பந்து உருளுவதைப் பார்க்கிற கண்ணாடிக் கண் ஒன்று இருக்கிறது. அந்தக் கண்ணின்மேல், குறிபார்த்து வைத்ததுபோல, என் கைச் சந்தனம் தடிப்பாக இருந்தது.

அசடு வழிய நின்றேன். கேர்னல் பாவம், அது தன் பாட்டுக்கு இருந்திருக்கிறது. அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பேச்சு விழப்போகிறது என்று தயாரானேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு கண்ணில் தண்ணீர் வர, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இவ்வளவு சந்தனமோ அப்பினீங்கள்?"

"நீர்தானே வடிவாய் வைக்கச் சொன்னீர்."

காது துடைக்கிற பஞ்சுக் குச்சியை நனைத்துக் குழியைத் துடைத்தேன். கண்ணாடிக் கண்ணை மூச்சு விடாமல் துடைத்தேன். அவள் பந்தைத் தன் சேலையில் துடைத்துக் குழிக்குள் வைத்து அமத்தினாள். பெருவிரலால் உருட்டினாள். அம்பு திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடியது. நான் கைதட்டினேன். அவள் கைதட்டவில்லை, நேரத்தைப் பார்த்தாள், குனிந்து வரையத் தொடங்கினாள்.

நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அவளுடைய பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை அசையவில்லை, விரல் மட்டும் உருட்டியது. அலுமாரிகள் ஒவ்வொன்றாகச் சுவரில் ஏறின. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பிவிட்டு, கதிரையில் சாய்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியை வலது கையாலேயே தூக்கிக் குடித்தாள். நான் புதிய கேர்னலையே திரும்பப் போட்டேன். அதிலும் பந்து நன்றாகவே உருண்டது.

பிறகு ஒருநாள், இணையத்தில் கண்ட என் சொந்தக்காரனின் பக்கத்தை முழுவதுமாக வாசித்தேன். கட்டளைகளுக்கெல்லாம் கீழே, கடைசி வரியில் அவர் எழுதியிருந்தார்: பந்தைக் கழற்றித் துடைத்தேன், சரியாகிவிட்டது, எல்லாருக்கும் நன்றி. அவ்வளவு தூரம் கீழே போகிற பொறுமை அன்று எனக்கு இருக்கவில்லை. பொறுமை இல்லாதவள் என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தது மனைவியை.

அவளுக்கு மேல்மாடி கிடைத்தது. குசினியில் இரண்டு இடத்தைத் திருத்தச் சொல்லிவிட்டு, வரும் கிழமை மேலே வந்து இருங்கள் என்று மேலாளர் எழுதியிருந்தார். அங்கேயும் அவளுக்கு ஒரு பந்து மவுஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு மவுஸ் வீட்டில் இருக்கிறது.

அடுத்த வருடம் சரஸ்வதி பூசை வந்தது. நான் வழமைபோலச் சந்தனம் குழைத்துக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் இருந்தேன். அவள் மவுஸைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள். பார்த்தால் பந்து இல்லை, வெறும் குழி. பந்தைக் கழற்றித் தன்னுடைய கைப்பைக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அப்ப பொட்டை எங்கை வைக்கிறது?" என்று கேட்டேன்.

அவள் எனக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து, வலது கையை நீட்டினாள். முந்தி நோவுக்காக எப்போதும் பட்டி கட்டியிருக்கிற மணிக்கட்டு, இப்போது வெறுமையாக இருந்தது.

"இதுக்கு வையுங்கோ" என்றாள். "எவ்வளவு வேணுமெண்டாலும் அப்பலாம்."

தாராளமாக வழித்து வைத்தேன். அந்த வருடம் நான் வைத்த பொட்டுகளிலேயே அதுதான் பெரியது.