வைரவருக்கு வைத்த பிரேக்

உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் கார் ஓட்டுகிற பெண் உதயகலா ஒருத்திதான். பக்கத்து வளவுக்காரி என்ற உரிமையில் அவளைப் பற்றி நான் எதையும் சொல்லலாம். அவள் மட்டும் என்னைப் பற்றிச் சொல்லாமலா விடுகிறாள்? கார் பழைய கொரோலா. கதவை ஓங்கி அடித்தால்தான் பூட்டும், பின் கண்ணாடி ஒன்று இறங்கவே இறங்காது. அப்படியிருந்தும் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் சுன்னாகத்துப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய்வருகிறார்கள். கலாவின் புருஷன் குகதாசன் வெங்காயத் தோட்டம் செய்கிறான். மழை கெடுத்த வருஷங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது காரின் புண்ணியத்தில்தான். அதைச் சொன்னால் குகதாசனுக்குப் பிடிக்காது. ஆகவே நான் அடிக்கடி சொல்வேன்.

கலா பயந்த சுபாவக்காரி அல்ல. ஆனால் ஊரார் பெற்ற பிள்ளைகளை ஏற்றுகிறோம் என்ற எண்ணம் அவளுக்கு எப்போதும் உண்டு. ஹோர்ன் அடிக்காமல் ஒரு முடக்குத் திரும்ப மாட்டாள். ஒருநாள் பிரேக்கை மிதிக்கும்போது இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டு, சுன்னாகத்திலேயே இருக்கிற யாகப்புவின் கராஜுக்கு நேரே விட்டாள். சந்தைக்குப் போகவென்று ஏறியிருந்த நானும் கூடவே போகவேண்டியதாயிற்று.

யாகப்பு முன்சில்லைக் கழற்றிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அவர்தான் வைத்தியர்.

"பிரேக் பேட் முடிஞ்சுது தங்கச்சி. டிஸ்கையும் திண்டு போட்டுது. உதிலை விரலை வைச்சுப் பாருங்கோ, வாய்க்கால் வெட்டினமாதிரிக் கிடக்கு."

"பேட்டை மட்டும் மாத்தினால் காணாதோ அண்ணை?"

"கீறல் விழுந்த டிஸ்கிலை புதுப் பேட்டை வைச்சால் அதுவும் கெதியாத் தேஞ்சு போடும். டிஸ்கைக் கடையவும் ஏலாது, மெலிஞ்சு போச்சு. ரெண்டு பக்கமும் புதுசாப் போடுங்கோ. ஒரு பக்கம் பிடிச்சு மற்றப் பக்கம் பிடிக்காட்டிக் கார் இழுத்துக்கொண்டு போகும். நல்ல சாமானாப் பாத்து நீங்களே எடுத்துக்கொண்டு வாங்கோ."

கலா பழைய பேட் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போனாள். முதல் கடையில் பெயரில்லாத பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். உள்ளே இருந்த பேட்டை நகத்தால் சுரண்டியதும் மாவாக உதிர்ந்தது. அடுத்த கடையில் ஜப்பானில் கழற்றிய டிஸ்க் என்று சொல்லிப் பளபளவென்று பெயின்ற் அடித்துத் தந்தார்கள். ஓரத்தைத் தடவிப் பார்த்து, தேய்ந்த விளிம்பைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவது கடையில் டிஸ்கைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தாள். பேட்டைப் பழையதோடு பொருத்தி, தகட்டுக்கும் அதில் ஒட்டியிருந்த கட்டைக்கும் இடையில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெட்டியில் இருந்த இலக்கமும் பேட்டில் இருந்த இலக்கமும் ஒன்றா என்று வாசித்தாள். மாப்பிள்ளை பார்த்தபோது இந்தக் கவனம் இருந்திருந்தால் குகதாசனுக்கு இடம் கிடைத்திராது. கடைசியில் அவள் எடுத்தது நல்ல சாமான்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

வினை வந்தது பிறகுதான். அன்று வெள்ளிக்கிழமை. அவர்கள் வளவில் வேம்பின் கீழே ஒரு சூலம் நாட்டியிருக்கிறது. அதுதான் அவர்களுடைய வைரவர். தண்ணீர் மோட்டரோ, மருந்தடிக்கிற மிஷினோ, இரும்பாக எது வீட்டுக்கு வந்தாலும் முதலில் அவருக்குக் காட்டிவிட்டுத்தான் பாவிப்பார்கள். கலா வடை சுட்டு, மாலையாகக் கோத்து, சூலத்தில் சாத்தினாள். அடியில் ஒரு தட்டத்தில் நாலு பேட்டையும் அடுக்கிச் சந்தனப் பொட்டு வைத்தாள்.

"பிள்ளையளின்ரை உயிர் உந்த நாலு துண்டிலைதானே நிக்கப்போகுது, பத்மாக்கா. வைரவர் ஒருக்காப் பாக்கட்டும்" என்றாள்.

வடை நன்றாக இருந்தது. பூசை முடிந்து தட்டத்தை எடுத்தபோது, மாலையிலிருந்து சொட்டிய எண்ணெயில் இரண்டு பேட் ஊறிக் கிடந்தன. நான் அதற்குள் வடையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். கலா அவற்றைப் பழந்துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். இதையும் இனிச் சொல்லப்போவதையும் பிறகு அவள் வாயால்தான் கேட்டேன்.

அடுத்த நாள் கராஜில் யாகப்பு புதிய டிஸ்குகளைப் பெற்றோல் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணை புதுசைக் கழுவிறியள்?"

"கறள் பிடியாமல் இருக்க எண்ணெய் பூசித்தான் அனுப்புறவங்கள். இதிலை ஒரு பொட்டு எண்ணெய் கிடந்தாலும் பிரேக் பிடியாது தங்கச்சி."

பெட்டி கலாவின் கையில்தான் இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கராஜில் வேறு ஆம்பிளைகளும் நின்றார்கள். யாகப்பு வேதக்காரர். சுவரில் மாதா படம் தொங்கியது. அந்த மனிதரிடம் போய், வைரவருக்குச் சாத்திய வடையின் எண்ணெய் பிரேக்கில் பட்டுவிட்டது என்றால் எல்லோரும் கொல்லென்று சிரிப்பார்கள். சாமிக்கு வைத்தது கெடுதல் செய்யாது என்றும் மனதுக்குள் ஒரு சமாதானம். துடைத்தாயிற்றுத்தானே என்று இன்னொரு சமாதானம். பெட்டியை நீட்டினாள், அவர் வாங்கிப் பூட்டினார்.

"புதுசு, படியக் கொஞ்சநாள் செல்லும். மெல்ல ஓடுங்கோ" என்றார்.

கார் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தது. படிந்தால் சரியாகிவிடும் என்று கலா தன்னைத் தேற்றிக்கொண்டாள். இரண்டொரு நாள் போயிருக்கும். வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பின்சீற்றிலிருந்த ஜெயனி என்ற சின்னப்பிள்ளை, "அன்ரி, வடை மணக்குது" என்றாள். மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலாவுக்கு விளங்கிவிட்டது. உடனே கராஜுக்குத் திருப்பியிருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த நாளையில்தான் நடந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறுங்காரோடு திரும்பும்போது ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை இறுக்கி மிதித்தாள். இடது சில்லு வழுக்கிக்கொண்டு போக, வலது சில்லு மட்டும் பிடித்தது. கார் ஒரே இழுவையில் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போய், கத்தரிக்காய்ச் சாக்கோடு சைக்கிளில் வந்த ஏரம்பு ஐயாவை இடித்து விழுத்தியது. ஆடு தப்பிவிட்டது. ஏரம்பு ஐயாவுக்குக் கால் முறிந்தது.

"புதுப் பிரேக், பிடிக்கேல்லை" என்று பொலிசுக்குச் சொன்னாள் கலா. பொய் இல்லை. ஆனால் மிச்சத்தை விழுங்கிவிட்டாள். குகதாசனுக்கு அது போதும். யாகப்பு பூட்டின பிரேக், யாகப்பு பூட்டின பிரேக் என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தான். ஊர் வாய்க்கும் அவல் கிடைத்தது. அந்த மனுசனுக்கு இப்போது கண் தெரிவதில்லையாம், கை நடுங்குகிறதாம் என்று ஆளுக்கொன்று சேர்த்தார்கள். கராஜில் வாகனம் குறைந்தது. மோதிய கார் மட்டும், இழுத்துக்கொண்டுபோய் விட்டபடி அங்கே நின்றது.

கலா சாப்பாட்டைத் தொட்டதோடு எழும்பிவிடுவாள். வைரவருக்கு விளக்கு வைக்கிறதையும் விட்டுவிட்டாள். என்னடி என்று நான் கிணற்றடியில் வைத்து உலுக்கியபோதுதான் எல்லாம் வந்தது. சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதாள்.

"உடனை போய் அந்த மனுசனிட்டைச் சொல்லு" என்றேன்.

"எப்பிடியக்கா சொல்லுறது? வைரவராலை ஒரு ஆளின்ரை கால் முறிஞ்சதெண்டோ?"

"வைரவர் உன்னட்டைப் பிரேக் கேட்டவரோடி? உன்ரை பிழையை ஏன் அவரின்ரை தலையிலை போடுறாய்?"

கோபத்தில் கொஞ்சம் கூடவே சத்தம் போட்டுவிட்டேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். யாகப்புவிடம் போகவில்லை.

மறுநாள் காலை ஏரம்பு ஐயாவுக்கு மீன்சொதியும் சோறும் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிழவர் கலாவை ஒரு சொல்லும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"யாகப்புதான் பாவம், பிள்ளை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வாறான். நேற்று என்ரை காலடியிலை இருந்து அழுதுபோட்டான். எல்லாம் என்ரை பிழை ஐயா எண்டு ஒரே புலம்பல். அவனைத் தேத்தி அனுப்பிறதே எனக்குப் பெரிய பாடாப் போச்சு" என்றார்.

கலாவின் முகம் செத்துப்போயிற்று. சோற்றுப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். பஸ் ஏறி நேரே சுன்னாகம். கராஜில் ஒன்றிரண்டு பேர் நின்றார்கள். அவர்களை அவள் பார்க்கவே இல்லை.

"யாகப்பண்ணை, நீங்கள் பூட்டினதிலை ஒரு பிழையும் இல்லை. பேட்டை வைரவரடியிலை வைச்சனான். வடையெண்ணெய் பட்டது. நீங்கள் டிஸ்க் கழுவேக்கை சொன்னது எனக்குக் கேட்டது. கேட்டும் வெக்கத்திலை வாயை மூடிக்கொண்டு நிண்டனான். ஊர் உங்களைச் சொல்லேக்கையும் பேசாமல் இருந்தனான். என்னைச் செருப்பாலை அடிச்சாலும் காணாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

யாகப்பு கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி."

"என்ன தெரியும்?"

"பெட்டியைத் திறந்த உடனையே மணந்தது. கையிலையும் எண்ணெய் ஒட்டிச்சுது, சந்தனமும் கிடந்தது. விளங்கிச்சுது. உங்கடை சாமி விஷயம். வேதக்காரன் நான் கேட்டால் பழிக்கிறமாதிரி இருக்கும், உங்கடை மனம் நோகும் எண்டு நினைச்சு, துடைச்சுப்போட்டுப் பூட்டிவிட்டன். எண்ணெய் குடிச்ச பேட் துடைச்சாச் சரிவராது எண்டு எனக்குத் தெரியாதே? பிள்ளையள் ஏறுற கார் எண்டும் தெரியும். நீங்கள் தெரியாமல் வைச்சனியள். நான் தெரிஞ்சு பூட்டினனான்."

 தன் பிழையைச் சொன்னால் அவருடைய மனப்பாரம் இறங்கிவிடும் என்று நம்பித்தான் கலா ஓடி வந்தாள். இறங்கவில்லை. எனக்கென்றால் இரண்டு பேரையும் சேர்த்து வைத்து நாலு அறை விடவேண்டும்போல் இருந்தது.

அன்று பின்னேரம், ஏரம்பு ஐயாவிடம் உள்ளதைச் சொல்வதென்று மூவரும் மறுபடி பஸ் ஏறினோம்.  வாட்டு வாசலுக்கு வந்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

"நீங்கள் முதல் போங்கோ அண்ணை" என்றாள் கலா.

"இல்லைத் தங்கச்சி, நீங்கள் போங்கோ" என்றார் யாகப்பு.

"நீங்கள் ரெண்டு பேரும் மரியாதை பாத்துத்தான் அந்த மனுசன் உதிலை கிடக்கிறார்" என்று சொல்லி, இருவரையும் முதுகில் கைவைத்து ஒன்றாக உள்ளே தள்ளினேன்.