வளைவில் விரித்த வலை

1951இல் எண்ணூர் சாலை வளைவில் உப்பு லாரி மோதித் தங்கை இறந்த பிறகு, சொக்கம்மாள் மீன்வலையைக் கரையில் காயப்போடவில்லை, நடுரோட்டில் விரித்தாள். சக்கரத்தில் சுற்றிக்கொள்ளுமே என்று லாரிகள் நின்று, அவள் வலையை ஒதுக்கிய பிறகே மெல்லக் கடந்தன. உப்பளத்துப் பெண்கள் அச்சமின்றி நடந்தார்கள்.

லாரி முதலாளி புகார் செய்ய, போலீஸ் ஏட்டு வந்தார்.

“வலைய எடு. இல்லாங்காட்டி ஸ்டேசனுக்குத் தூக்கினு பூடுவேன்.”

“தூக்கினு போ நைனா. வூட்ல இன்னொண்ணு கீது.”

“அத்தையும் எடுத்துட்டா இன்னா பண்ணுவே?”

“நானே படுத்துக்குவேன். மெதுவா போன்னு ஒரு போர்டு நட உனுக்குக் கை வரல, வலை மட்டும் கண்ண உறுத்துதா?”

ஏட்டு வலையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

கடலுக்குப் போக வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு வலைதான். அது போனால் அடுப்பு எரியாது. விடிந்ததும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வளைவுக்கு நடந்தாள். மறுமுனையைப் பிடித்தபடி கணவன் கோதண்டம் பின்னால் வந்தான்.